ஊரை வெட்டிவிட்டு வானத்தை எடுக்காதீர்கள்

போடி மலைச்சரிவில் இரவைப் படம்பிடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்து வானம் தெளிந்துவிட்டால் போதும், ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போடிமெட்டு ஏறும் சாலையில் உங்களைப் பார்க்கிறேன். குரங்கணி போகும் வழியிலும் ஊருக்குள் மொட்டைமாடிகளிலும் பார்க்கிறேன். போடிப் பிள்ளைகளோடு தேனி, மதுரைப் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். நீங்கள் எடுக்கும் டைம்லாப்ஸ் காணொளிகளை ஒன்று விடாமல் பார்க்கிறேன். மலைமுகட்டுக்கு மேல் பால்வீதி நிமிர்ந்து எழுவதையும், மேகம் பள்ளத்தாக்கில் வந்து நிறைவதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்துக் காட்டும்போது மனசு நிறைகிறது. அந்த உரிமையில்தான் ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் காணொளிகளில் பெரும்பாலானவற்றில் ஊர் இல்லை. போடியின் விளக்குகள் சட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று கேமராவைத் திருப்பிவிடுகிறீர்கள். தப்பித்தவறி ஓரத்தில் வந்துவிட்டால் கணினியில் உட்கார்ந்து வெட்டி எடுத்துவிடுகிறீர்கள். மிஞ்சுவது ஒரு கறுத்த மலை விளிம்பும் அதன்மேல் ஊதா நிறத்தில் ஒரு வானமும்தான். இது போடிமலையா, வால்பாறையா, வேறு ஏதோ நாட்டு மலையா என்று எடுத்தவருக்கு மட்டுமே தெரியும். ஊரைச் சட்டத்துக்குள் வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வானமும் ஊரும் சேர்ந்திருக்கும் இரவை, ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுங்கள். அது இந்த மலைக்கும் ஊருக்கும் ஆவணமாக நிற்கும்.

முதலில் நம் வானத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்குக் கிடைத்திருப்பது அபூர்வமான இடம். போடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. வடதுருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மலை மறைக்கும் இடத்தில் அது தெரியவே தெரியாது. ஐரோப்பியர்கள் எடுக்கும் படங்களில் நட்சத்திரங்கள் துருவத்தைச் சுற்றிப் பெரிய பெரிய வட்டம் போடும். இங்கே கேமராவைக் கிழக்கே வைத்தால் விண்மீன்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக, சற்றே தெற்குப் பக்கம் சாய்ந்து மேலேறும். மேற்கே வைத்தால் அதேபோல் முகட்டுக்குள் இறங்கும். நம் அட்சரேகையின் அடையாளம் அது.

தெற்கு வானம் நமக்குக் கொடை. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் அகத்திய நட்சத்திரம் தெற்கே உச்சத்துக்கு வந்து, அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்தில் நிற்கும். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. லண்டனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. மே நடுவில் அதே 9 மணிவாக்கில் தென்சிலுவை 20 டிகிரி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் சென்டாரஸின் இரு ஒளிமிக்க நட்சத்திரங்கள் வரும். பால்வீதியின் மையப்பகுதி மார்ச் நடுவில் இரவு 1 மணியளவில் தென்கிழக்கில் எழும். பிறகு நாளுக்கு 4 நிமிடம் முந்தி எழுவதால், மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாகக் கிடைக்கும். உச்சத்தில் 51 டிகிரி உயரம் வரை ஏறும். ஜூனில் நள்ளிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும், ஆனால் அந்த மாதம் முகட்டில் மேகம் உட்கார்ந்துவிடும். அதை எடுக்க மாசி முதல் சித்திரை வரைதான் நம் காலம்.

வேலை தெரிந்தவர்களுக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், புதிதாக வருகிற பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். காணொளியில் ஒரு விநாடிக்கு 25 பிரேம். நட்சத்திரம் எடுக்கும்போது 25 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து, படம் கார்டில் எழுத ஓரிரு விநாடி விட்டு, 30 விநாடிக்கு ஒரு படம் என்று இன்டர்வலோமீட்டரை அமைத்தால், 300 படத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். கையில் கிடைப்பது 12 விநாடிக் காணொளி. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு, 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுப்பது. 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடும். இன்றைய கேமராக்களின் நுணுக்கத்துக்கு அதையும் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. ஃபோகஸைக் கையால் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் வைத்துவிட்டு அதோடு நிறுத்திவிடுங்கள். வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் பிரேமுக்குப் பிரேம் நிறம் துள்ளும்.

ஏலக்காடு இருக்கும் உயரத்தில் இன்னொரு எதிரி உண்டு. இரவு 2 மணிக்கு மேல் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பனி அதில் மெல்லப் படியத் தொடங்கும். முதல் பத்திருபது படங்களில் நட்சத்திரங்கள் கொஞ்சம் பருத்தாற்போல் தெரியும். பிறகு ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒளிவட்டம் வரும். அப்புறம் மங்கிய வெளுப்பு மட்டுமே இருக்கும். கேமரா பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். பவர்பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டையை லென்ஸில் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பனி படிந்த பிறகு துணியால் துடைத்தால் ட்ரைபாட் அசைந்து மொத்த வரிசையும் போகும். ஆகவே முதலிலேயே சுற்றிவிடுங்கள்.

இனி ஊருக்கு வருகிறேன்.

போடிமெட்டுச் சாலையில் வண்டி ஒதுங்க இடமுள்ள ஒரு வளைவில், கீழே பார்த்தாற்போல் கேமராவை வைத்துவிட்டு விடியும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். நள்ளிரவில் சாலையில் லாரிகள் மட்டும் ஒன்றிரண்டு ஊர்ந்து வரும். பின்னிரவில் சமவெளியில் சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். பெண்கள் எழுந்து அடுப்பு மூட்டிச் சோற்றுத்தூக்கு கட்டும் நேரம் அது. பிறகு ஜீப்புகள் புறப்படும். அடிவாரத்திலிருந்து வெள்ளை ஒளிக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். கொண்டை ஊசி வளைவில் கோடு அறுந்து, அடுத்த படிக்கட்டில் எதிர்த்திசையில் மறுபடி முளைக்கும். 15 விநாடி எக்ஸ்போஷரில் மலை முழுக்க வெள்ளைக் கோடாக மடிந்து மடிந்து ஏறுவது தெரியும். அது அத்தனையும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள், அக்காமார்கள். சாயங்காலம் அதே இடத்தில் கேமராவை வைத்தால் அதே சாலை சிவப்புக் கோடாக இறங்கும், ஏனென்றால் திரும்பிப் போகும் ஜீப்புகளின் பின்விளக்குதான் நம் பக்கம் தெரியும்.

இவர்களைப் போலவே பலர் கம்பம்மெட்டு, குமுளி சாலைகளிலும் நாள் தவறாமல் கேரள எல்லை தாண்டிப் போய் வருகிறார்கள். போடி ஏலக்காய் வணிகத்துக்குப் பேர்போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தில் புற்றடியிலும்தான் நடக்கிறது. அங்கே விலை போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் இந்த விடியற்கால ஜீப்பும், காயை ராத்திரி முழுக்கச் சூடு குறையாமல் உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. இந்த மலையின் இரவு தூங்கும் இரவு கிடையாது. மேலே அகத்தியர் மேற்கே சாய, கீழே ஸ்டோர் விளக்கு எரிய, நடுவே ஜீப்புகள் ஏற, மூன்றையும் ஒரே சட்டத்தில் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வெறும் வானத்தை எடுத்துவந்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஊரை வைத்தால் அந்தப் பகுதி வெளுத்துவிடும் என்பீர்கள். நியாயமான பேச்சு. எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 25 விநாடி என்று வைத்தால் தெருவிளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைத் திட்டாகிவிடும். அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வானத்துக்கு ஒரு நீண்ட படமும் ஊருக்கு 2 விநாடியில் ஒரு படமும் எடுத்து இணையுங்கள். ஒரே இரவு, ஒரே இடம், ஒரே கோணம் என்பதால் அதில் பொய் எதுவும் இல்லை. முடியாதவர்கள் ஊர் ஒரு மலை மடிப்புக்குப் பின்னால் மறைந்து, அதன் ஒளி மட்டும் வானத்தில் ஏறித் தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செய்யக் கூடாதது ஒன்றுதான், ஓர் இரவின் பால்வீதியை எடுத்து இன்னோர் இரவின் போடிமேல் ஒட்டாதீர்கள். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் வானத்தையே மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்கள் வந்துவிட்டன. அப்படிச் செய்த படத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தாலும் அதற்குச் சாட்சி மதிப்பு கிடையாது.

சாட்சி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நம் பக்கத்து மலையிலேயே விடை இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. 1870களின் கடைசியில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகம் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. ஆனால் அந்த ஆய்வகத்தின் பெரிய சொத்து வேறு. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்தார்கள். கண்ணாடித் தகடு, படச்சுருள், பிறகு மின்னணுக் கேமரா என்று கருவி மாறியது. பழக்கம் மாறவில்லை. இந்திய வானியற்பியல் நிறுவனம் அந்தப் பழைய தகடுகளை எல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறது. அவற்றை வரிசையாக ஓடவிட்டால், ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகுவதும், நடுக்கோட்டை நோக்கி இறங்கி ஓய்வதும், மறுபடி மேலே தோன்றுவதும் கண்முன் நடக்கும். ஒரு நூற்றாண்டுச் சூரியனின் டைம்லாப்ஸ் அது.

முதல் தகட்டைக் கழுவி உலர்த்திய ஊழியருக்கு, நூறாண்டு கழித்து அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இடம் மாறாமல், முறை மாறாமல், தேதி எழுதி வைத்தார், அவ்வளவுதான். அந்த ஒழுங்குதான் படத்தை அறிவாக மாற்றியது. பக்கத்து மலையில் அவர்கள் பகலில் செய்ததை இங்கே நீங்கள் இரவில் செய்ய முடியும்.

எதைப் பதிவு செய்வது என்று கேட்டால், நம் கண்முன்னே மாறிக்கொண்டிருப்பவற்றைச் சொல்வேன். 2010ஆம் ஆண்டின் கடைசியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை போட்டுப் போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். 12 ஆண்டு இருண்டு கிடந்த நிலையத்தில் விளக்கு எரிந்தது. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையிலான சாலை அகலமாகி 2024 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்டது. சாலை அகலமானால் வண்டி பெருகும், வண்டி பெருகினால் ஓரத்தில் கடை வரும், கடை வந்தால் விளக்கு வரும். தெருவெல்லாம் மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்துகொண்டிருக்கிறது. நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும், அதனால் அதே அளவு வெளிச்சம் வானத்தை இன்னும் கூடுதலாக வெளுக்கும். இந்த மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே வளைவிலிருந்து யாராவது 10 விநாடிக் காணொளி எடுத்து வைத்திருந்தால், எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் ஊர் வளர்ந்த கதையை அதிலேயே பார்த்திருக்கலாம்.

உலகம் முழுக்க நடப்பதும் இதுதான். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்த 50,000க்கும் மேற்பட்ட கவனிப்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2023 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. இரவு வானம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுதலாக வெளுத்துக்கொண்டிருக்கிறது என்று அது கணக்கிட்டது. 250 நட்சத்திரம் தெரியும் இடத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்கு 18 வயது ஆகும்போது அங்கே 100 நட்சத்திரம்தான் தெரியும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. போடியின் வானம் என்ன வேகத்தில் வெளுக்கிறது என்பதைப் போடிக்காரர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மலைச்சாலையிலிருந்து கிழக்கே ஊரைப் பார்க்கும் பாதுகாப்பான ஓர் இடம். இரண்டு, ஊருக்குள் ஒரு மொட்டைமாடி, அங்கிருந்து மேற்கே முகடு தெரிய வேண்டும். மூன்று, உரிமையாளர் அனுமதியோடு ஓர் ஏலத்தோட்டத்தின் திறந்தவெளி. ட்ரைபாட் கால்கள் நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். தை, மாசி, பங்குனி, சித்திரை ஆகிய நான்கு மாத அமாவாசையை ஒட்டிய இரவுகளில் எடுங்கள். நிலவொளி குறுக்கே வராது, மழையும் குறைவு. நம் வீட்டு நாட்காட்டியில் அமாவாசை தடித்த எழுத்தில் இருப்பதால் யாரும் மறக்கவும் மாட்டார்கள். லென்ஸ், துளை, ஷட்டர், ஐ.எஸ்.ஓ., தொடங்கிய நேரம், மேகத்தின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். காணொளியை உங்கள் விருப்பப்படி அழகுபடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இரவு 9 மணிக்கு ஒன்றும் அதிகாலை 4 மணிக்கு ஒன்றுமாக இரண்டு ரா ஃபைல்களைக் கை வைக்காமல் தனியே சேமியுங்கள். அந்த இரண்டு படம்தான் ஆவணம்.

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் இரவு வானம் எடுக்கும் வசதி இருக்கிறது. அசையாமல் நிற்க ஒரு தாங்கியும் பொறுமையும் போதும். ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியிலோ அரசு பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து இந்தப் படங்களை வருடவாரியாகத் தொகுத்து வைத்தால், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

ஆனி, ஆடியில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அப்போதுதான் நமக்கு ஒரு பாடம் நடத்தும். கேரளப் பக்கம் ஏறிய மேகம் முகட்டைத் தாண்டி நம் பக்கம் அருவியாய்க் கொட்டும். பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போகும். இறங்கும் காற்று அழுத்தம் கூடிச் சூடாவதால் நீர்த்துளிகள் ஆவியாகிவிடுகின்றன. அந்தப் பக்கம் கொட்டும் மழைக்கு நமக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். 5 விநாடிக்கு ஒரு படம் என்று எடுத்து ஓடவிட்டால், மழைமறைவுப் பகுதி என்று புவியியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்தது பத்து விநாடியில் புரியும். பௌர்ணமியை ஒட்டி எடுத்தால் நிலவொளியில் அந்த மேகம் வெள்ளியாய் வழியும். போடிப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் போட்டுக் காட்ட வேண்டிய காணொளி அது.

இனி நடத்தை பற்றிச் சில வார்த்தை. கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

2018 மார்ச் 11ஆம் தேதியைப் போடி மறக்காது. குரங்கணி மலைக்காட்டில் பற்றிய தீயில் மலையேற வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் உங்கள் வயதுக்காரர்கள். நாம் படமெடுக்க ஏற்ற காலமும் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலமும் ஒன்றுதான். ஆகவே அந்த மாதங்களில் வனத்துக்குள் போக வழி தேடாதீர்கள். சாலையோரமும் தோட்டமும் மொட்டைமாடியும் போதும். வனத்துறை அனுமதி தரும் பாதையில், தரும் நாளில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். குளிருக்கு நெருப்பு மூட்டாதீர்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் விடாதீர்கள்.

யானையையும் மறக்க வேண்டாம். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஏலக்காட்டு வழிகள் அவற்றுக்கும் வழிகள்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கேமரா பக்கத்தில் தூங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். எந்த வளைவில் இருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜீப்பில் போகும் தொழிலாளிகளின் முகத்தில் ஒளி அடிக்காதீர்கள். ஓட்டுநரின் கண் கூசினால் வளைவில் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அவர்களுக்கும் காட்டுங்கள். தினமும் ஏறி இறங்கும் மலை மேலிருந்து எப்படித் தெரிகிறது என்பதை அவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

எடுத்த ஆவணத்தை என்ன செய்வது? லடாக்கில் ஹன்லேயைச் சுற்றிய பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஆய்வகத்தின் பொறியாளர் டோர்ஜே அங்சுக், கேமராவை நட்சத்திரங்களோடு பூட்டி வைத்து, வானம் நிற்க பூமி சுழல்வதாகக் காட்டும் டைம்லாப்ஸை 2025இல் வெளியிட்டார். உலகமே பார்த்தது. ஆனால் ஹன்லேயில் நான் மதிப்பது அந்தக் காணொளியை மட்டும் அல்ல. கிராம மக்கள் விளக்குக்கு மூடி போட்டார்கள், சன்னலுக்குத் திரை போட்டார்கள், இரவு வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்றார்கள். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. நம் கொல்லிமலையிலும் அப்படி ஒரு பூங்கா அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. போடிமலைக்கும் அந்தத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு உங்கள் நோட்டுப் புத்தகமும் படங்களும் விடை சொல்லும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணையுங்கள் என்று யாரிடமும் போய்க் கேட்காதீர்கள். இருட்டோடு இருட்டாக ஜீப் ஏற நிற்கும் பெண்களுக்கு வெளிச்சம் பாதுகாப்பு. அதில் ஒரு விளக்கைக்கூடக் குறைக்க நமக்கு உரிமை கிடையாது. கேட்க வேண்டியது அந்த வெளிச்சம் அவர்கள் காலடியில் விழ வேண்டும் என்பதைத்தான். வானத்தைப் பார்த்து எரியும் விளக்குக்கு மேல்மூடி போட்டால், கீழே வெளிச்சம் கூடும், மேலே இருள் மிஞ்சும். நீலவெள்ளைக்குப் பதில் 3000 கெல்வினுக்கு உட்பட்ட மஞ்சள்சாய்ந்த விளக்கு போட்டால் கண்ணுக்கும் இதம், பூச்சிக்கும் தொல்லை குறைவு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் விளம்பரப் பலகையும் விடுதியின் அலங்கார விளக்கும் எரிய வேண்டியதில்லை. நகராட்சியிடமும் தோட்ட உரிமையாளர்களிடமும் விடுதிக்காரர்களிடமும் மனு கொடுக்கும்போது, ஒரே இடத்தில் எடுத்த இரண்டு ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பத்துப் பக்க மனுவைவிட அது வேகமாக வேலை செய்யும்.

உங்களுக்குக் கண்ணும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, ராத்திரி கண்விழிக்கும் தெம்பும் இருக்கிறது. பக்கத்து மலையில், கொடைக்கானலில் நூறாண்டு முன்மாதிரியும் இருக்கிறது. வருகிற தை அமாவாசைக்கு முன்னால் ஐந்து பேர் கூடிப் பேசி, முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சுண்ணாம்புக் குறியைப் போட்டுவிடுங்கள். அன்றிரவு எடுக்கும் முதல் படத்தில் ஊரும் இருக்கட்டும். தேதியை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒரு போடிக்காரன்
போடிநாயக்கனூர்